எங்க கீற?

போனை எடுத்தால் அவர் ஹலோ சொல்ல மாட்டார். "எங்க கீற?" என்பார். அழைத்தது நாமாக இருந்தாலும் அதே கேள்விதான். எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு நான் இன்டர்காமில் ஏதாவது கேட்டால்கூட, தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தபடியே "எங்க கீற?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டில் அப்பாவிடம் அதைச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறேன்.

திருவொற்றியூரில், துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை இறக்கி அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் அப்போது எனக்கு வேலை. ரசீது அடிப்பேன், கேட் பாஸ் போடுவேன். அவர் அங்கே சூப்பர்வைசர். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்ட குடும்பம் எங்களுடையது. நான் "அண்ணே" என்று கூப்பிடுவதை என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் கிண்டல் செய்வார். காசிமேட்டில் நல்ல சங்கரா மீன் கிடைத்த மறுநாள் பெரிய டிபன் பாக்ஸ் நிறைய வறுவல் கொண்டுவருவார். எல்லோருக்கும் வைத்துவிட்டு மிச்சம் இருந்தால்தான் அவருக்கு. கெட்ட மனிதர் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

இருந்த இடத்தில் ஒரு பொருள் இல்லையென்றால் அவரால் தாங்க முடியாது. ஒருமுறை யார்டுக்குள் ஒரு கன்டெய்னர் பெட்டி காணாமல் போயிற்று. கிரேன்காரர் எங்கோ மாற்றி வைத்துவிட்டார், கம்ப்யூட்டரில் பழைய வரிசையே இருந்தது. சரக்குக்காரர் அலுவலகத்தில் வந்து கத்திக்கொண்டிருந்தார். இவர் மத்தியான வெயிலில் எழுந்து போனார். இரும்பெல்லாம் கொதிக்கிற நேரம். வரிசை வரிசையாக நடந்து, பின்சுவரை ஒட்டி, இரண்டு பெட்டிகளுக்கு அடியில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார். நான் பேப்பரோடு பின்னால் போயிருந்தேன். அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். "தோ, இங்கதான் கீறியா நீ" என்றார். குழந்தையிடம் பேசுவது போலத்தான் பேசினார். கை சுடுவது அவருக்குத் தெரியவேயில்லை.

லாரி டிரைவர்களுக்கு அவரென்றால் பயம். வண்டியில் பொருத்தியிருக்கும் கருவி காட்டும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு டிரைவர் போனில், மணலி ரோட்டில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்றார். இவர் சத்தமே போடவில்லை. "எர்ணாவூர் பாலத்தாண்ட டீ குடிச்சிகினு கீற. டீய கீய வெச்சிட்டு வண்டிய எடு நைனா" என்றார். அந்த டிரைவர் அதற்கப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை என்று சொல்வார்கள்.

சுவருக்கு முதுகைக் காட்டித்தான் அவர் உட்காருவார். அவருக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாது. ஒருநாள் பிரின்டர் சரியில்லை என்று அவர் பக்கமாகப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அவருடைய திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக் கூடம். இரும்புக் கட்டில், பீரோ, தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்.

"உங்க அண்ணி" என்றார்.

சடையங்குப்பத்தில் அவர் வீடு. கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதன் மேல் கேமரா, பக்கத்தில் ஸ்பீக்கர். அலுவலகத்திலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போவார், பார்ப்பார், பேசுவார். நான் ஆச்சரியப்பட்டுக் கேட்டேன். எங்கள் கடையிலும் அப்படி ஒன்று வைக்க அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். நெட்டுக்காரர்கள் இணைப்புக்குக் கொடுக்கும் ஐ.பி. நம்பர் நிலையாக இருக்காது. இன்று அந்த நம்பரைப் போட்டால் கடை தெரியும், நாளை எதுவும் வராது.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கரண்ட் போய் வந்தா நம்பர் மாறிடும்மா. ராத்திரி அவனே மாத்திடுவான். அதெல்லாம் ஞாபகம் வெச்சிகினு துரத்த முடியாது. நான் இன்னா பண்ணிகீறேன், அதுக்கு ஒரு பேரு வாங்கிகீறேன். வூட்ல கீற கம்ப்யூட்டர்ல சின்னதா ஒரு புரோகிராம். நம்பர் மாறனா அதுவே போய்ச் சொல்லிடும், இப்ப நான் இங்க கீறேன்னு. நான் பேர மட்டும் தட்டனா போதும். எங்க இருந்தாலும் இட்டுனு போய் வுட்டுடும். பிரியுதா?"

புரிந்தது. அவர் தட்டிய பெயர் அண்ணியின் செல்லப் பெயர். அதைச் சொல்லும்போது லேசாக வெட்கப்பட்டார். நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். அதற்குக் காரணமும் இருந்தது. அண்ணிக்கு வலிப்பு உண்டு. ஒரு காலையில் அவர் ஒரு டிரைவரிடம் பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். கண் மட்டும் திரை மூலையில். கை போனை எடுத்துவிட்டது. "எதிர்வூட்டுக்கா! கதவ ஒடச்சாவது உள்ள போ! கட்டில் கால்ல தல இடிச்சிகினு கெடக்கறா!" என்று கத்தினார். எதிர்வீட்டுப் பெண்மணி ஓடிப்போய் அண்ணியைப் புரட்டிப் படுக்க வைத்ததை நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு முட்டிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அன்று அவர் அழுதார். கிரேன்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் கேமராவைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது என்று ஆகிவிட்டது. அண்ணியும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அன்று டியூட்டி. "வூட்லதான் கீறா, போய்க் குடு" என்று திரையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அனுப்பினார்.

தாழ்வான தெரு. மழை இல்லாத நாளிலும் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு இடுப்புயரத்துக்குத் தெரிந்தது. அண்ணி சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார். நான் உள்ளே போய் உட்காரப் போனேன்.

"அங்க வாணாம்மா. இந்தாண்ட நாற்காலில உக்காரு" என்றது அவர் குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பீக்கர். அண்ணி ஒன்றும் நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் கேமராவைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினேன். மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"காபி எட்தாறேன், வா" என்று அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். போகிற போக்கில் பீரோவின் பக்கவாட்டில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் மாட்டியிருந்த ரவுட்டரின் சுவிட்சைத் தட்டினார். அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி போட்டார். செய்து பழகிய கை.

"எதுக்கு அண்ணி?"

"இத அமுத்திட்டுப் போட்டா நம்பர் மாறிடுமாமே. அந்தப் பேரு போய்ப் புது நம்பரக் கண்டுபுடிக்கற வரிக்கும் இவரு தேடிகினு கெடப்பாரு. கொஞ்ச நேரந்தான்."

அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பின்கதவைத் திறந்துகொண்டு போய்க் கொல்லைப் படியில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். கொண்டையை அவிழ்த்து உதறிவிட்டார்.

"இந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா குந்திகினு இருப்பேன்." விரித்த முடியை விரலால் கோதிக்கொண்டார். "நான் எங்க கீறேன்னு ஒருத்தருக்கும் தெரியாம குந்திகினு இருக்கறது எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியாதும்மா."

"வேண்டாம்னு சொல்லிப் பார்க்கறதுதானே?"

"உசுரக் காப்பாத்தனவராச்சே. எந்த வாயால சொல்றது? எங்க அக்காகிட்ட சொன்னேன். உனக்குக் கொடுத்து வெச்சிகீதுன்றா."

அவர் முடியை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்குவதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்துவிட்டது. "ஏமே! காபி போட இன்னா இவ்ளோ நேரம்?"

மறுநாள் நான் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கேட்டார். "நேத்து எங்க வூட்ல இருந்தப்ப கரண்ட் போச்சா?"

"ஆமாண்ணே. கொஞ்ச நேரம்."

"எதிர்வூட்ல கேட்டேன். போவலன்றாங்களே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று வறுவல் கொண்டுவந்திருந்தார். என் தட்டில் ஒரு துண்டு கூடவே வைத்தார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினார். கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் மட்டும். ஃபேனுக்குக் கிடையாது. ரவுட்டரை உயரத்தில் மாட்டி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். எலி கடிக்கிறது என்றார். அந்தப் பெட்டியின் சாவி, அவர் போன் வைக்கும் சட்டைப் பைக்குள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருட மழையில்தான் எல்லாம் நடந்தது. இரண்டு நாளாக விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் எப்படியோ வேலைக்கு வந்து சேர்ந்தோம். மதியத்துக்குள் யார்டைச் சுற்றித் தண்ணீர் நின்றுவிட்டது. ஏரியைத் திறந்துவிட்டார்கள், ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றார்கள். சடையங்குப்பம் பக்கம் பஸ் இல்லை, பாதையே இல்லை. அவர் இரண்டு முறை கிளம்பிப் போய்த் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். அதன்பிறகு நாற்காலியை விட்டு எழவில்லை. மூலையில் இருந்த படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிவிட்டார். யார் பார்க்கிறார்கள் என்று அவர் கவலைப்படவில்லை.

கூடத்தில் தண்ணீர் கட்டில் காலில் பாதிவரை ஏறியிருந்தது. அந்தப் பகுதியில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் உயரத்தில் வைத்திருந்த இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அது கெடக்குது. கட்டில் மேல ஏறி நில்லு. கேமராவுக்கு நேரா நில்லு" என்றார் இவர் மைக்கில். அண்ணி கட்டில்மேல் ஏறி நின்றார்.

வெளியே ஆள் சத்தம். மீன்பிடிப் படகு ஒன்று தெருவுக்குள் வந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் வந்து நின்று கத்துவது எங்களுக்கே கேட்டது. "வாம்மா! இன்னும் தண்ணி வுடறாங்களாம்! படகு திரும்பி வராதாம்!"

அண்ணி பையை எடுத்தார்.

"எங்க போற?" என்றார் இவர்.

அண்ணி அப்படியே நின்றார்.

"நீ வெளிய போவாத. படகுல வலிப்பு வந்து தண்ணில வுய்ந்தினா யாரு பாக்கறது? எவனுக்குத் தெரியும்? நான் வரேன். நான் வர வரிக்கும் இங்கயே நில்லு. நான் பாத்துகினே இருக்கேன் இல்ல?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. படகில் ஏறினால் உண்மையிலேயே வலிப்பு வரலாம். கிரேன்காரர் மெதுவாக, "அண்ணாத்த, போவட்டுமே" என்றார். இவர் காதில் அது விழவில்லை. திரையில் எதிர்வீட்டுப் பெண்மணி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி வாசலைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. அவர் கையில் பை அப்படியே இருந்தது.

நான் எப்படி அவர் பக்கத்தில் போய் நின்றேன் என்று ஞாபகமில்லை. குனிந்து மைக்கருகே பேசினேன்.

"அண்ணி, நான்தான். படகுல ஏறிடுங்க. நிக்காதீங்க. போங்க."

அண்ணியின் முகம் சட்டென்று மாறியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. கட்டிலை விட்டு இறங்கி, முழங்காலுக்கு மேல் ஏறிய தண்ணீரில் நடந்து, படத்திலிருந்து வெளியே போய்விட்டார். சற்று நேரம் கழித்து மோட்டார் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாருமற்ற கூடத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையணை ஒன்று மிதந்து போயிற்று. பீரோ மெதுவாகச் சாய்ந்தது. கடைசியில் படம் உறைந்து கறுப்பானது. உடனே அந்தப் பெயரை மறுபடி தட்டினார். வரவில்லை. மறுபடி தட்டினார்.

அன்று முழுக்க என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் மெதுவாகத்தான் கேட்டார். "நீ இன்னாத்துக்கு நடுவுல பேசன?"

அண்ணிக்குப் படகில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டார். "எங்க அக்கா வூட்டுக்குப் போறேம்மா. மீஞ்சூருக்கு. திரும்பிப் போவ மாட்டேன்" என்றார். அக்கா வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று அடையாளமும் சொன்னார். இவருக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அண்ணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவர் போய்க் கூப்பிட்டார் என்றும் அண்ணி வரவில்லை என்றும் கேள்விப்பட்டோம். சண்டை எதுவும் போடவில்லையாம். வீட்டைக் கழுவி, சேற்றை அள்ளிக் கொட்டி, வேறு கம்ப்யூட்டர் வாங்கி அதே இடத்தில் வைத்தார். அலுவலகத்தில் திரை மூலையில் அந்தக் கூடம் மறுபடி வந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர், காலிக் கட்டில். அவர் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். மத்தியானத்தில் சுவரில் வெயில் நகர்வதைத் தவிர அதில் எதுவும் நடக்காது. மீன் வறுவல் நின்றுபோனது. என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

கோடை முடிந்தபிறகு ஒரு நாள், "இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். குரலில் பழைய உற்சாகம். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். விசைப்பலகையில் அந்தச் செல்லப் பெயரைத் தட்டினார்.

திரையில் வந்தது சடையங்குப்பம் கூடம் அல்ல. பச்சைச் சுவர். ஜன்னலோரம் தையல் மிஷின். அண்ணி குனிந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவ அக்கா பொண்ணு காலேஜ் சேர்ந்துகீதில்ல? ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குட்தேன். சித்தப்பா நல்லவருன்னு அதுங்களுக்கு ஒரே சந்தோஷம். நானே போய் மாட்டி, அந்தப் பேரையும் அதுல போட்டுக் குட்த்துட்டு வந்தேன்." அண்ணி ஊசியில் நூல் கோப்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீதான போவச் சொன்ன. பாரு, எங்க போய்கீறான்னு."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வார விடுமுறையன்று கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி மீஞ்சூரில் இறங்கினேன். என் கணவரிடம் சொல்லிவிட்டு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உள்ளே மிஷின் ஓடும் சத்தம். முன்வாசலுக்குப் போகாமல் பக்கச் சந்தில் புகுந்து, கொல்லைக் குழாயடியில் நின்றேன். அண்ணி குடத்தோடு வெளியே வரும்வரை காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், வலிப்பு வரவேயில்லை என்றார்.

"அண்ணி, உள்ளே அந்தக் கம்ப்யூட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"அவரு மாட்டிகினு இருந்தப்பவே தெரியும். கேமராவ எந்தப் பக்கம் திருப்பறாருன்னு பாத்தேன். அக்கா பொண்ணு அந்தப் பக்கம் குந்தறதே இல்ல."

"அக்காகிட்ட சொல்லுங்க. போலீஸ்ல சொல்லலாம். இல்ல, வயரைப் பிடுங்கிப் போட்டுடுங்களேன் அண்ணி. நான் வேணா உள்ள போய்ப் பிடுங்கறேன்."

அண்ணி என் கையை விடவில்லை. குழாயில் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அது ஓடிகினு இருக்கற வரிக்கும் அவரு அங்க குந்திகினு இருப்பாரும்மா" என்றார். "புடுங்கினா நேர்ல வருவாரு."

குழாயை மூடிவிட்டுக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் வெளியே நிற்க முடியாது என்பதைப் போல ஒருமுறை வீட்டுப் பக்கம் பார்த்தார். என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். நான் சந்துக்குள்ளேயே நின்றிருந்தேன். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.